கொசுவைக் கொல்வதா, குவளையைக் கவிழ்ப்பதா?

கோலாலம்பூரின் செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஓர் அடுக்குமாடியில் யாருக்காவது டிங்கி என்று தெரிந்தால், சீக்கிரமே ஒரு நாள் பொழுது சாயும் நேரமாகப் பார்த்துப் புகை அடிக்க ஆள் வந்துவிடும். உடனே வீட்டுக்கு வீடு சன்னலைச் சாத்துகிறோம். பாதிக் காரியம் அங்கேயே கெட்டது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி வீட்டுக்குள் வாழும் கொசு. கட்டிலுக்கு அடியில், அலமாரி இடுக்கில், மாட்டி வைத்த சட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். புகைத்துளி மேலே பட்டால்தான் சாகும். உணவையும் மீன் தொட்டியையும் மூடி, கதவு சன்னலைத் திறந்து போட்டு, ஆட்கள் வெளியே போய் நிற்பதுதான் முறை.

சரி, முறைப்படியே செய்தாலும் பத்து நாளில் பழையபடி கடி. 'மருந்து சரியில்லை' என்று வழக்கமான புகார் கிளம்பும். இந்த ஊர்க் கொசுக்களுக்குப் பைரித்ராய்டு வகை மருந்துகள் பழகிப்போனது உண்மைதான். ஆனால் மருந்து நூற்றுக்கு நூறு கொன்றாலும் கொசு திரும்பி வரத்தான் செய்யும். புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் கிடக்கும் கூட்டுப்புழுவை அது தொடாது, இரண்டு நாளில் அது இறக்கை முளைத்து எழுந்துவிடும். இதற்குப் பின்னால் ஒரு கூட்டல் பெருக்கல் கணக்கு இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

ஒரு பெண் கொசு ஒரு தடவை ரத்தம் குடித்தால் ஏறக்குறைய 100 முட்டை இடும். கணக்கு எளிதாக இருக்க, வாழ்நாளில் அந்த ஒரே ஈடுதான் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் முட்டை இரண்டு நாளில் பொரியத் தயாராகிவிடும். புழுப் பருவம் ஐந்து முதல் ஏழு நாள், கூட்டுப்புழு இரண்டு நாள், பிறகு இணை சேர்ந்து ரத்தம் குடித்து முட்டை இட மூன்று நான்கு நாள். ஆக ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், சற்று இழுத்தால் மூன்று. எதுவுமே சாகாவிட்டால் ஒரு பெண்ணுக்கு 50 பெண்கள், அடுத்து 2,500, அடுத்து 125,000. இதற்கு இரண்டு மாதம் போதும்.

அப்படி நடப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். கொசுத்தொகை ஏறாமல் இறங்காமல் நின்றால், அந்த நூறில் சராசரியாக இரண்டுதான் பெரிதாகின்றன என்று பொருள்: ஓர் ஆண், ஒரு பெண். 98 செத்துப்போகின்றன. இந்த 98 என்பது 96 ஆனால், அதாவது பிழைப்பவை இரண்டிலிருந்து நான்கு ஆனால், தலைமுறைக்குத் தலைமுறை இரட்டிப்பு. ஐந்து தலைமுறையில், சுமார் மூன்று மாதத்தில், 32 மடங்கு. மரணத்தில் யாரும் கவனிக்காத அந்தச் சின்ன மாற்றம்தான் ஒரு தாமானை, ஒரு குடியிருப்பையே, கொள்ளைநோய் இடமாக்குகிறது.

98 ஏன் சாகின்றன? தவளை தின்றது, வெயில் காய்ச்சியது, மழை அடித்துப்போனது என்று பல காரணம் சொல்லலாம். அவற்றில் ஒன்றுதான் தொகையைக் கட்டிப்போடுகிறது: நெரிசல். 1838இல் பெல்ஜியத்தின் வெர்ஹுல்ஸ்ட் எழுதிய சமன்பாட்டைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்:

வளர்ச்சி = வேகம் × எண்ணிக்கை × (1 − எண்ணிக்கை ÷ தாங்குதிறன்)

தாங்குதிறன் என்பது ஓரிடம் அதிகபட்சம் தாங்கக்கூடிய எண்ணிக்கை. எண்ணிக்கை அதை நெருங்க நெருங்க அடைப்புக்குள் இருப்பது பூச்சியத்தை நோக்கிப் போகும், வளர்ச்சி நிற்கும். இதைப் படித்ததும் காடு, புல்வெளி, மான் கூட்டம் என்று மனம் போகும். ஏடிஸுக்குத் தாங்குதிறன் என்பது துளசிச் செடித் தொட்டியின் அடித்தட்டு. தீபாவளிக்கு ஏற்றிவிட்டு மதில்மேல் மறந்துபோன அகல் விளக்கு. குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நீர் சொட்டும் தட்டு, குளியலறைத் தொட்டி, இலை அடைத்த கூரைத் தாழ்வாரம். அதிலும் தண்ணீரின் அளவைவிட அதில் ஊறும் இலை, தூசி, அவற்றில் வளரும் நுண்ணுயிர், அதாவது புழுவின் சாப்பாடு எவ்வளவு என்பதுதான் பெரிது.

ஒரு டப்பாவில் 100 புழு இருக்கிறது, சாப்பாடு 30க்குத்தான் போதும் என்று வைத்துக்கொள்வோம். புழுக்கள் இன்னும் பொடியாக இருக்கும்போது 50ஐக் கொன்றால் எத்தனை கொசு வரும்? அதே 30தான். இன்னும் மோசம், மிச்சமுள்ள 50க்கு நெரிசல் குறைவு என்பதால் வளர்ச்சி வேகமாகும், உடம்பும் பெருக்கும். நெரிசலில் இரண்டு மூன்று வாரம் இழுத்துக்கொண்டு கிடந்திருக்கும் புழு, இடம் கிடைத்தால் ஒரே வாரத்தில் முடித்துக்கொண்டு பறந்துவிடும். பெரிய பெண் கொசு கூடுதல் முட்டை இடும். பட்டினியில் சாக இருந்ததை நாம் முந்திக்கொண்டு கொன்றிருக்கிறோம், அவ்வளவே. 90ஐக் கொன்றால் மட்டுமே 10 ஆகும். ஆனால் அதே 50 விழுக்காட்டைக் கூட்டுப்புழுப் பருவத்தில் கொன்றால் 30 என்பது நேராக 15 ஆகிவிடும். நெரிசல் கட்டம் தாண்டியாயிற்று, ஈடுகட்ட ஆளில்லை.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. பாங்காக்கின் வாட் சம்பாயா கோயில் வளாகத்தில் நீர்ச்சாடிகளில் ஏடிஸ் பிறப்பு இறப்பைப் பருவம் பருவமாக எண்ணி 1972இல் சவுத்வுட் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் புழுப் பருவ நெரிசலைத்தான் முக்கியக் கட்டுப்பாடாகக் காட்டியது. அதற்கும் முன்னால் 1950களில் ஆஸ்திரேலியாவின் நிக்கல்சன் ஆட்டு ஈக்களைக் கூண்டில் வளர்த்து, வெளிவரும் ஈக்களில் ஒரு பங்கைத் தொடர்ந்து அழித்துப் பார்த்தார். கூண்டு காலியாகவில்லை. அழித்ததை ஈடுகட்டும் அளவுக்குப் புதிய ஈக்கள் கூடுதலாகப் பிறந்தன.

ஆகவே அரைகுறையாகப் புழுவைக் கொல்வதைவிடத் தொட்டியை இல்லாமல் செய்வது மேல். எண்ணிக்கையைக் குறைத்தால் சமன்பாடு அதைத் திருப்பித் தள்ளிவிடும். தாங்குதிறனைக் குறைத்தால் எண்ணிக்கை தானாக அதன் பின்னால் இறங்கும். இதைச் சமன்பாடு தெரியாமலே கிள்ளானில் செய்து காட்டினார் டாக்டர் மால்கம் வாட்சன். 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த சூட்டில் மலேரியா ஆட்களைச் சாய்த்தபோது, அவர் சதுப்பை வடித்து, புதரை வெட்டி, கொசு பிறக்கும் இடத்தையே எடுத்தார். நிழல் நீரில் வளரும் அனோபிலஸ் அம்ப்ரோசஸ் ஒழிந்தது. அதே வேலையை மலையோரத் தோட்டங்களில் செய்தபோது விளைவு தலைகீழ். காட்டை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது, வெயில்பட்ட தெளிந்த நீரைத் தேடும் அனோபிலஸ் மாகுலேட்டஸ் பெருகியது. அங்கே செத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த பால்மரத் தொழிலாளர்கள். பிறகு ஓடையைக் குழாயில் இறக்கி மண்ணுக்கடியில் விட்டும், எண்ணெய் தெளித்தும்தான் சமாளித்தார்கள். எந்த இனத்தின் தாங்குதிறன் என்று கேட்காமல் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது.

புகையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு வேறொரு கணக்கு. டிங்கிக் கிருமி கொசுவின் உடம்பில் ஊறி எச்சிலுக்கு வர 8 முதல் 12 நாள் ஆகும். ஒரு நாளில் கொசு உயிரோடிருக்கும் வாய்ப்பு 0.9 என்றால் பத்து நாள் தாண்டும் வாய்ப்பு 0.9இன் பத்தாம் அடுக்கு, ஏறத்தாழ 35 விழுக்காடு. அந்த 0.9ஐ 0.8 ஆக்கினால் அது 11 விழுக்காடு. நோய் பரவிக்கொண்டிருக்கும் தெருவில் கிழட்டுக் கொசுவைக் கொல்வதால் கிடைக்கும் லாபம் இது. நெருப்பை அணைக்கத் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். கொசுத்தொகையைக் குறைக்கும் வழியாக அதை நினைத்தால் ஏமாற்றம்தான்.

இனி தொட்டி எங்கே என்று தேடுவது. இதில் பலரும் செய்யும் தப்பு, எத்தனை டப்பாவில் புழு இருக்கிறது என்று எண்ணுவது. பத்து டப்பாவில் புழு இருந்தாலும் ஒன்றிரண்டுதான் கொசு விளைவிக்கும். மற்றவற்றில் புழு பட்டினியில் கிடக்கும். ஆகவே கூட்டுப்புழுவை எண்ணுங்கள். கமா குறிபோல் வளைந்து, தொட்டால் குட்டிக்கரணம் போடும், சாப்பிடாது. அதில் அநேகமாக எல்லாமே கொசுவாகிவிடும். வேண்டியவை ஒரு வெள்ளைத் தட்டு, தேத்தண்ணி வடிகட்டி, மருந்துச் சொட்டான், ஒரு கைவிளக்கு. சின்னப் பாத்திரமானால் முழுவதையும் வடிகட்டியில் ஊற்றித் தட்டில் கொட்டி எண்ணலாம். பீப்பாயானால் மேலே நிழல் விழாமல் பக்கவாட்டில் நின்று, விளிம்பை ஒட்டிச் சட்டென்று ஒரு சுற்று வலை இழுங்கள். நிழல் பட்டதும் எல்லாம் அடியில் போய்விடும், மறுபடி மேலே வர ஓரிரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கூட்டுப்புழுப் பருவம் இரண்டே நாள். ஆகவே இன்று 6 இருந்தால் வாரத்துக்கு 6 × 7 ÷ 2, அதாவது 21 கொசு. பாதி பெண். ஒரு பூந்தொட்டித் தட்டு மாதத்துக்கு நாற்பதுக்கு மேல் கடிக்கும் கொசுவைத் தருகிறது என்று சொன்னால் வீட்டுக்காரர் நம்ப மாட்டார், எண்ணிக் காட்டினால் நம்புவார். சட்டமும் பக்கத்தில் நிற்கிறது. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தில் வீட்டில் புழு இருந்தாலே 500 ரிங்கிட் வரை கம்பவுண்ட் அபராதம் போட முடியும்.

கண்ணுக்குப் படாத தொட்டிகளைக் காட்டிக்கொடுப்பது முட்டைப்பொறி. 300 மில்லிலிட்டர் பிடிக்கும் கறுப்பு டப்பா போதும், பால் டின்னுக்குக் கறுப்புச் சாயம் அடித்தாலும் சரி. உயரம் 9 சென்டிமீட்டர், அதில் 5.5 சென்டிமீட்டருக்குக் குழாய்த் தண்ணீர். 10 சென்டிமீட்டர் நீளம், 2.5 அகலத்தில் ஒரு ஹார்ட்போர்டு பட்டையைச் சொரசொரப்புப் பக்கம் மேலே தெரியச் சாய்த்து வையுங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே 6 சென்டிமீட்டரில் ஒரு துளை, இல்லையென்றால் ஒரு மழையில் வழிந்து முட்டை போய்விடும். நிழலான, மனித நடமாட்டம் குறைந்த இடம். ஐந்தாம் நாள் எடுத்துவிட வேண்டும். ஏழு நாளுக்கு மேல் மறந்தால் நீங்களே கொசுப்பண்ணை வைத்த மாதிரி. பட்டையில் கறுப்பாக, தனித்தனியாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நெல் வடிவில் இருப்பவை முட்டை. பத்து மடங்கு லென்ஸில் நன்றாகத் தெரியும். எறும்பு ஏறினால் முட்டை காணாமல் போகும், டப்பாவின் அடியைச் சுற்றிக் கொஞ்சம் கிரீஸ் தடவலாம்.

இந்தப் பொறி சொல்வதை வாசிப்பதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கூட்டுத் துப்புரவு முடிந்த மறுவாரம் பொறியில் முட்டை கூடும். 'பார்த்தீர்களா, துப்புரவு செய்து பிரயோசனமில்லை' என்று யாராவது சொல்வார்கள். ஏடிஸ் தன் முட்டையை ஒரே இடத்தில் இடாது, நாலைந்து பாத்திரத்தில் பிரித்துப் பிரித்து இடும். மற்ற பாத்திரங்களை நீங்கள் அகற்றிவிட்டதால் உயிரோடிருக்கும் கொசுக்களுக்கு உங்கள் பொறிதான் மிச்சம். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து பார்த்தால்தான் உண்மையான இறக்கம் தெரியும். முட்டை எண்ணிக்கையைவிட, வைத்த பொறிகளில் நூற்றுக்கு எத்தனையில் முட்டை இருந்தது என்ற விகிதத்தை வைத்துக்கொள்வது நல்லது.

முட்டை இன்னொரு வகையிலும் தந்திரக்காரி. பினாங்கில் சனவரி, பிப்ரவரி வறட்சியில் மாடித் தட்டெல்லாம் வறண்டு கிடக்கும், கொசு குறைந்துவிட்டது என்று தோன்றும். சுவரோடு ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடிருக்கும். மழை வந்து நீர் மட்டம் தொட்டதும் ஒரு பகுதி பொரியும், மிச்சம் அடுத்த நனைவுக்குக் காத்திருக்கும். விதைநெல் மாதிரி. தொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். ஊற்றிய பிறகு உள்சுவரை முரட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும், வாரம் ஒருமுறை. டிங்கியின் பழைய ஊர் பினாங்கு. 1962இல் இந்நாட்டின் முதல் ரத்தக்கசிவு டிங்கி பதிவானதும் அங்கேதான். நாடு முழுக்க 2019இல் மட்டும் 130,101 பேருக்கு நோய் கண்டது, 182 பேர் இறந்தார்கள்.

கவிழ்க்க முடியாத பெரிய பீப்பாய்களுக்கு ஏபேட் என்னும் புழுக்கொல்லி மணல் உண்டு. ஒரு விழுக்காடு மருந்துள்ள மணல் 10 லிட்டருக்கு 1 கிராம், 200 லிட்டர் பீப்பாய்க்கு 20 கிராம். கைப்பிடியாக அள்ளிப் போட்டால் வீண், கிள்ளிப் போட்டால் அது முன்னே சொன்ன 'நூறில் ஐம்பது' கதை. அடியைக் கழுவி ஊற்றும்போது மணலும் போய்விடும், மறுபடி போட வேண்டும்.

இதுவரை ஒரே கொசுவைப் போலப் பேசினோம். ஊரில் இருப்பது இரண்டு. முதுகில் யாழ் வடிவ வெள்ளைக் கோடு இருந்தால் எஜிப்தி, நடுவில் ஒரே நேர்கோடு என்றால் அல்போபிக்டஸ். முன்னது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது, பின்னது இந்தப் பகுதிக் காட்டுக்காரி, வெளியே செடி கொடிப் பக்கம் வாழ்வது. ஒரே டப்பாவில் இலைச் சருகைப் பங்கு போட நேர்ந்தால் பெரும்பாலும் அல்போபிக்டஸ் புழுதான் ஜெயிக்கும். அதோடு அதன் ஆண் எஜிப்திப் பெண்ணோடு தப்பாக இணைந்தால் அந்தப் பெண் பிறகு தன்னினத்தோடு கருத்தரிக்க முடியாமல் போகிறது. 1980களில் அல்போபிக்டஸ் நுழைந்த பிறகு அமெரிக்காவின் புளோரிடாவில் பல ஊர்களில் எஜிப்தி சரிந்தது இப்படித்தான். அப்படியானால் கோலாலம்பூரில் எஜிப்தி எப்படி நிலைத்தது? அதன் முட்டை வறட்சியை அதிகம் தாங்கும், அது மனிதனின் வீட்டுக்குள் ஒதுங்கிக்கொண்டது. இரண்டு இனமும் ஒரே தேவையைக் கொண்டு ஒரே இடத்தில் நீடிக்க முடியாது என்று ரஷ்ய உயிரியலர் காஸ் 1934இல் சொன்னது இங்கே சுவர் அளவில் நடக்கிறது: உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. நடைமுறைப் பாடம், குளியலறைத் தொட்டியை மட்டும் சுத்தம் செய்துவிட்டுத் தோட்டத்தை விடக் கூடாது. உள்ளே இருப்பவளை விரட்டினால் காலியான டப்பாவுக்கு வெளியே இருப்பவள் வருவாள், அவளும் டிங்கி பரப்புவாள். முட்டையை வைத்து எது என்று சொல்ல முடியாது. புழு வளர்ந்த பிறகு எட்டாம் கண்டத்து முள்ளைப் பார்க்க வேண்டும், பக்கக் கிளையோடு திரிசூலம்போல் இருந்தால் எஜிப்தி.

'கப்பி மீன் விட்டால் போச்சு' என்று ஒரு யோசனை எப்போதும் வரும். சாக்கடையில் விட்ட கப்பி கியூலெக்ஸ் என்னும் வேறு கொசுவின் புழுவைத் தின்னும், இரவில் காதோரம் ரீங்காரம் குறையும். டிங்கி கொசு பெரும்பாலும் சாக்கடையில் பிறப்பதில்லை, மீன் போக முடியாத கையளவு நீரில் பிறக்கிறது. வேட்டைக்கும் இரைக்கும் நடுவே இருக்கும் கணக்கே அப்படி. இரை ஆயிரம் சின்னப் பாத்திரத்தில் சிதறிக் கிடக்க, வேட்டையாடி நாலைந்தில் இருந்தால் இரைக்குக் கவலையில்லை. டொக்ஸோரிங்கைடிஸ் என்னும் ராட்சதக் கொசுவுக்கும் அதே கதி. அதன் புழு மற்ற கொசுப் புழுவைத் தின்று வளரும், வளர்ந்த பின் ரத்தமே குடிக்காது. சாதுதான். ஆனால் முட்டையை ஒவ்வொன்றாக இடும், வளர ஏடிஸைவிட நெடுநாள் எடுத்துக்கொள்ளும், மரப்பொந்தையும் மூங்கிலையும் தேடிப் போகும். இரை இரண்டு சுற்று பெருகிய பிறகுதான் இது ஒரு சுற்று பெருகும். வியட்நாமில் மீசோசைக்ளாப்ஸ் என்ற நுண்ணிய ஓட்டுடலி (இறாலுக்குத் தூரத்து உறவு) ஏடிஸை அடக்கியது உண்மை. அங்கே கொசு பெரும்பாலும் பெரிய தண்ணீர்த் தாழிகளில் பிறந்தது, ஒரு தாழிக்கு ஒரு தடவை விட்டால் போதும். நம் ஊர்ப் பிளாஸ்டிக் மூடிக்கும் தேங்காய் மூடிக்கும் அது பொருந்தாது. மீன் விடத்தான் வேண்டுமென்றால் வீட்டுத் தாமரைத் தொட்டியில் விடுங்கள், குளோரின் போகத் தண்ணீரை ஒரு நாள் வைத்த பிறகு. ஆற்றில் விடாதீர்கள், அது தென்னமெரிக்க மீன், ஏற்கெனவே நம் ஆறுகளில் வந்தேறிகள் போதும்.

கடைசியாக வோல்பாகியா. கொசுவின் செல்லுக்குள் வாழும் பாக்டீரியா. இது உள்ள கொசுவில் டிங்கிக் கிருமி சரியாகப் பெருகாது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் 2017 முதல் மருத்துவ ஆய்வுக் கழகம் முன்னின்று வோல்பாகியா உள்ள கொசுக்களை விட்டுப் பார்த்தது. விட்ட இடங்களில் நோய் ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளிவந்தது. வெயில் பட்ட நீரில் சில வகைகள் கொசுவின் உடம்பிலிருந்து மறைந்துபோவதால், சூடு தாங்கும் வகையையே இங்கே தேர்ந்தெடுத்தார்கள். வோல்பாகியா உள்ள ஆணும் இல்லாத பெண்ணும் சேர்ந்தால் முட்டை பொரியாது, உள்ள பெண் யாரோடு சேர்ந்தாலும் பொரியும். ஆகவே அதன் பங்கு ஓர் எல்லைக்குமேல் போனால் தானே பரவும், கீழே நின்றால் தானே மறையும். நடுவில் நிற்க இடமில்லை. இதனால்தான் வாராவாரம் தொடர்ந்து விடுகிறார்கள், இதனால்தான் அந்த வாரங்களில் பெண் கொசுவும் கூடுதலாகக் கடிக்கும். பிரேசிலின் ரியோவில் ஒருமுறை இது ஏறவேயில்லை. ஊர்க் கொசுவுக்குப் பைரித்ராய்டு பழகிப்போயிருந்தது, விட்ட கொசுவுக்குப் பழகவில்லை. வீட்டுக்கு வீடு அடித்த தெளிப்பானில் விட்டவை மட்டும் செத்தன. மருந்தைத் தாங்கும் ஊர்க் கொசுவோடு கலந்து வளர்த்து மறுபடி விட்ட பிறகுதான் பங்கு ஏறியது. வோல்பாகியா விடும் தாமானில் இருக்கிறீர்களா? அந்த வாரங்களில் ஸ்பிரேயை அலமாரியில் வைத்துவிட்டு, கொசுவலையை எடுத்துக் கட்டுங்கள், தொட்டிகளை வழக்கம்போலத் தேயுங்கள்.